கடை மேசையில் தொடங்கும் பாதுகாப்பு: எல்லையோரப் பட்டறைகளும் ஆங்கிள் கிரைண்டரும்

வாளையாறு தாண்டினால் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம். மலையேறினால் மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் புழங்கும் இந்த எல்லையோர ஊர்களில் ஒரு சத்தம் பொது. காலை ஒன்பது மணிக்கு எங்கோ ஒரு மூலையில் இரும்பு கீச்சிடத் தொடங்கும். அந்தி வரை ஓயாது. ஜன்னல் கிரில், கேட், மாடி வீட்டின் மேல் போடும் ஷீட் கூரை, லாரி பாடி, டிராக்டர் டிரெய்லர், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், தேயிலைத் தொழிற்சாலையின் பழுது வேலை, விடுதிகளின் கைப்பிடிக் கம்பி என எல்லா வேலைக்கும் கையில் இருப்பது ஒரே கருவி. வீட்டில் கிரைண்டர் என்றால் மாவாட்டுவது. பட்டறையில் கிரைண்டர் என்றால் இது. ‘ஏஜி ஃபோர்’ என்றும் ‘கட்டிங் மெஷின்’ என்றும் தொழிலாளர் அழைக்கும் ஆங்கிள் கிரைண்டர்.

இந்தக் கருவியை எப்படித் தேர்வது, எப்படி ஆபத்தின்றிக் கையாள்வது என்பவற்றை இரண்டு தனிக் கேள்விகளாகவே பலரும் பார்க்கிறார்கள். முதலாவதற்குக் கடைக்காரர் பதில் சொல்கிறார். இரண்டாவதற்கு விபத்து நடந்த பிறகு மருத்துவர் பதில் சொல்கிறார். இரண்டும் ஒரே கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம். வேலைக்குப் பொருந்தாத மெஷினை வாங்கியவர்தான் பெரும்பாலும் அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றுகிறார். மூடி கழன்ற இடத்தில்தான் விரலும் கண்ணும் போகின்றன.

கருவி வந்த வழி

ஜெர்மனியில் 1922-இல் ஹெர்மன் ஆக்கர்மன், ஹெர்மன் ஷ்மிட் இருவரும் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் ஃபிளெக்ஸ் என்ற பெயரில் அறியப்பட்டது. அதிவேக ஆங்கிள் கிரைண்டரை 1954-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது அந்த நிறுவனம்தான். இன்றும் ஜெர்மன் மொழியில் இந்தக் கருவியை ‘ஃபிளெக்ஸ்’ என்றே சொல்கிறார்கள்.

அதே 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமம், அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டோடு கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. பட்டறைகளில் ‘கியூமி’ என்று சொல்லும் டிஸ்க் அவர்களுடையது. டிஸ்க்கில் இருக்கும் மணல் போன்ற அரைக்கும் மணி ஆற்று மணல் அல்ல. பாக்சைட்டை மின்வில் உலையில் 2,000 டிகிரிக்கு மேல் உருக்கி, ஆறவைத்து, உடைத்துச் சலித்து எடுப்பது. இதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். அதற்காகவே அந்நிறுவனம் பத்தனம்திட்டை மாவட்டம் மணியாறில் 12 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தண்ணீர் அப்படித்தான் டிஸ்க்காக மாறி, மலையடிவாரப் பட்டறைக்கே திரும்பி வருகிறது.

அந்த அரைக்கும் மணிகளைப் பிசினில் குழைத்து, கண்ணாடியிழை வலையை இடையில் வைத்து அழுத்தி, சூடேற்றி இறுக்கினால் டிஸ்க் தயார். இந்தப் பிசினும் வலையும்தான் டிஸ்க்கின் உயிர். இந்தக் கருவியைப் பற்றிய எச்சரிக்கைகளில் பாதி, அந்தப் பிசின் எப்போது கைவிடும் என்பதைப் பற்றியதே.

அளவு: முதல் முடிவு

சந்தையில் 4 அங்குலம் (100 மி.மீ.), 5 அங்குலம் (125 மி.மீ.), 7 அங்குலம் (180 மி.மீ.), 9 அங்குலம் (230 மி.மீ.) ஆகிய அளவுகள் உண்டு. சின்னது மெதுவாகவும் பெரியது வேகமாகவும் சுற்றும் என்று நினைப்பவர்கள் பலர். உண்மை நேர்மாறு. 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று, 7 அங்குலம் 8,500, 9 அங்குலம் 6,500. விட்டம் கூடக்கூடச் சுற்றைக் குறைப்பதற்குக் காரணம், டிஸ்க்கின் விளிம்பு ஓடும் வேகம். வலை வைத்த பிசின் டிஸ்க்கின் விளிம்பு வினாடிக்கு 80 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. மணிக்கு 288 கிலோமீட்டர் அது. இந்த எல்லையை ஒட்டியே 100 மி.மீ. டிஸ்க்கில் 15,300 ஆர்பிஎம் என்றும், 125-இல் 12,200 என்றும், 180-இல் 8,500 என்றும் அச்சிடுகிறார்கள். தேய்ந்து ஓய்ந்த 14 அங்குல டிஸ்க்கையும் சில இடங்களில் கை மெஷினில் மாட்டுகிறார்கள். அதன் எல்லை 4,300 மட்டுமே.

7 அங்குல டிஸ்க்கைத் தூக்கி 11,000 ஆர்பிஎம் மெஷினில் போட்டால் விளிம்பு வேகம் வினாடிக்கு 104 மீட்டரை எட்டும். டிஸ்க்கைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அது தாங்க வேண்டியது ஒன்றே முக்கால் மடங்குக்கு நெருக்கமான பாரம். அந்த டிஸ்க் உடைவது தற்செயல் அல்ல.

எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘என் வேலையில் எவ்வளவு ஆழம் அறுக்க வேண்டும்?’ என்பது. 4 அங்குல டிஸ்க்கில் நடுத் தட்டும் கியர் தலையும் போக, மிஞ்சும் அறுப்பு ஆழம் ஓர் அங்குலம் அளவே. கிரில் பட்டை, ஆங்கிள், மெல்லிய சதுரக் குழாய், வெல்டிங் பிசிறு தேய்த்தல் ஆகியவற்றுக்கு அது போதும். கூரை டிரஸ் வேலையில் இரண்டு, மூன்று அங்குலக் குழாய்களை நாள் முழுதும் அறுப்பவருக்கு அது போதாது. போதாதபோது என்ன நடக்கிறது? மூடியைக் கழற்றி, 5 அங்குல டிஸ்க்கை ஒரு புஷ் போட்டு மாட்டுகிறார். 4 அங்குல டிஸ்க்கின் துளை 16 மி.மீ., 5 அங்குலத்தின் துளை 22.23 மி.மீ. இந்த வேறுபாடு ஒருவகைப் பாதுகாப்பு வேலி. புஷ் அந்த வேலியைத் தாண்ட வைக்கிறது. மையம் சற்று விலகினாலும் மெஷின் அதிரும், டிஸ்க்கில் விரிசல் ஓடும். கூடுதல் விலை கொடுத்து 5 அங்குல மெஷினையே வாங்கியிருந்தால் மூடி அதன் இடத்திலேயே இருந்திருக்கும். ஒரே அளவுக் குழாய்களை நூறு நூறாக அறுக்கும் பட்டறைக்குத் தரையில் நிற்கும் 14 அங்குலக் கட்டிங் மெஷின்தான் சரி. கை மெஷினுக்கு அந்த வேலையைத் தரவே கூடாது.

வாட், சுவிட்ச், பேட்டரி

4 அங்குலத்தில் 600 வாட்டிலிருந்து 850 வாட், அதற்கும் மேலாகக் கிடைக்கிறது. வாரம் ஒருமுறை எடுப்பவருக்கு 600, 700 போதும். தினமும் தேய்ப்பவருக்கு 800-க்கு மேல் வேண்டும். வாட் குறைந்த மெஷினை அழுத்தி வேலை வாங்கும்போது சுற்று தளர்கிறது, டிஸ்க் சிக்குகிறது, ஆர்மேச்சர் சுடுகிறது. இடுக்கியின் எஸ்டேட் பகுதிகளில் லைன் முடியும் இடங்களில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரம் உண்டு. அங்கே இதே கோளாறு இரட்டிப்பாகும். மெல்லிய ஒயரில் நூறு அடி இழுத்து வேலை செய்வதும் அதே விளைவைத் தரும். இழுக்கும் ஒயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். சுருளாக வைக்காமல் முழுதாகப் பிரித்துப் போடுங்கள்.

பலர் கவனிக்காதது சுவிட்ச். தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச், கை வலிக்காமல் நீண்ட நேரம் தேய்க்க வசதி. ஆனால் கைவிட்டு நழுவினால் மெஷின் ஓடிக்கொண்டே விழும். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் துடுப்பு சுவிட்ச், பிடி விட்டவுடன் மின்சாரத்தை நிறுத்திவிடும். மலைப் பகுதிக்கு இன்னொரு கவலையும் உண்டு. வேலையின் நடுவே கரண்ட் போகிறது. வேலை செய்பவர் சுவிட்சை அணைக்க மறந்து மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். கரண்ட் திரும்பும்போது மெஷின் தானாக எழுந்து ஓடுகிறது, பக்கத்தில் சின்னப் பையன் நிற்கிறான். மின்சாரம் திரும்பினாலும் சுவிட்சை மறுபடி போட்டால்தான் ஓடும் வசதி சில மெஷின்களில் இருக்கிறது. மின்வெட்டு வழக்கமான ஊரில் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

பேட்டரி மெஷின்கள் இப்போது பரவலாக வருகின்றன. கரண்ட் எட்டாத மலைச் சரிவில், கூரை மேல், ஒயர் காலில் சிக்காமல் வேலை செய்ய அவை நல்லவை. எனினும் கணக்கைப் பாருங்கள்: 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 வாட்-மணி. 500 வாட் இழுக்கும்படி அழுத்தி அறுத்தால் 10 நிமிடம்கூட நிற்காது. இரண்டு மூன்று பேட்டரி இல்லாமல் அது முழுநாள் கருவி ஆகாது. டிஸ்க் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பதும் கட்டாயம்.

பிராண்டைப் பொறுத்தவரை எல்லையோர மக்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பாலக்காட்டுப் பக்கத்தார் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் போகிறார்கள். மறையூர்க்காரர்கள் உடுமலைக்கும், குமுளி, நெடுங்கண்டத்தார் கம்பம், போடி, தேனிக்கும் இறங்குகிறார்கள். கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், சுவிட்ச், முக்கியமாக அந்த மூடியும் லாக் நட்டும் நீங்கள் வழக்கமாக இறங்கும் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மூடி தொலைந்து மாற்று கிடைக்காததால் மூடியில்லாமலே ஓடும் மெஷின்கள் எத்தனையோ. பழைய மெஷின் வாங்கினாலும் இதே சோதனை பொருந்தும்: மூடி, பக்கக் கைப்பிடி, இரண்டு தட்டுகள், ஸ்பேனர் ஆகிய நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மெஷினை விலை பேசாதீர்கள்.

டிஸ்க்: ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை

1 மி.மீ. கட்டிங் டிஸ்க் அறுக்க மட்டும். அதைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பக்கவாட்டு அழுத்தத்தில் நொறுங்கும். 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் தேய்க்க மட்டும். வெல்டிங் பிசிறை மழமழப்பாக்க ஃபிளாப் டிஸ்க், துருவுக்குக் கம்பி பிரஷ், டைல்ஸுக்கும் கல்லுக்கும் டைமண்ட் பிளேடு. நேரம் மிச்சம் என்று அறுத்த டிஸ்க்கிலேயே பிசிறையும் தேய்ப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் தவறு. வருமானம் இடம் கொடுத்தால் இரண்டு மெஷின் வைத்து, ஒன்றில் கட்டிங், ஒன்றில் கிரைண்டிங் என்று நிரந்தரமாக மாட்டிவைப்பது மிக எளிய தீர்வு.

டிஸ்க்கின் நடுவே இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். தரமான டிஸ்க்கில் ஒரு மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. பிசின் டிஸ்க்கின் ஆயுள் உற்பத்தியிலிருந்து 3 ஆண்டு. மருந்து அட்டையில் தேதி பார்க்கும் நாம் டிஸ்க்கில் பார்ப்பதில்லை. பிசின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் வலு இழக்கும். இடவப்பாதி மழை தொடங்கி மாதக்கணக்கில் சுவரெல்லாம் கசியும் பீர்மேட்டிலும் மூணாறிலும், சிமெண்ட் தரையில் கிடந்த டிஸ்க் தேதிக்கு முன்பே கெட்டிருக்கக்கூடும். மூடியுள்ள டப்பாவில், தட்டையாக, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கீழே விழுந்ததை, விளிம்பு உடைந்ததை, நனைந்ததை மறுயோசனையின்றித் தூக்கிப் போடுங்கள். அதன் விலை ஒரு டீயும் வடையும்தான்.

புது டிஸ்க் மாட்டியதும் ஆளில்லாத திசையில் திருப்பிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். கெட்ட டிஸ்க் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மரம் அறுக்கப் பல் வைத்த பிளேடை இந்த மெஷினில் மாட்டுவது தனியே சொல்ல வேண்டிய பிழை. பலாவும் அயனியும் நிறைந்த ஊர்களில் தச்சர்களிடையே இது சாதாரணமாகிவிட்டது. மரத்தில் பல் கடித்தால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். அதைத் தாங்கும்படி இதன் மூடியோ பிடியோ அமைக்கப்படவில்லை. மரத்துக்கு அடித்தட்டும் தானே மூடும் காப்பும் உள்ள வட்ட ரம்பம் இருக்கிறது. அதை வாங்குங்கள்.

‘மெஷின் தூக்கி அடிச்சிருச்சு’

விபத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் சொல்லும் சொல் இது. ஏன் தூக்கி அடிக்கிறது? ஒரு வேலையை அருகில் நின்று பாருங்கள். இரண்டங்குலக் குழாய் ஒன்றை இரண்டு கல்லின் மேல் வைத்து, நடுவில் அறுக்கிறார் ஒருவர். டிஸ்க் பாதிக்கு மேல் இறங்கியதும் குழாய் தன் கனத்தால் நடுவில் தொய்கிறது. அறுத்த வாய் மேல்பக்கம் நெருங்கி டிஸ்க்கைக் கவ்வுகிறது. 11,000 சுற்றில் ஓடிய டிஸ்க் நின்ற கணத்தில் அதன் விசை முழுதும் மெஷின் உடலுக்குத் திரும்பி, டிஸ்க் சுற்றிய திசைக்கு எதிராக மெஷினை எறிகிறது. எறியும் பாதையில் இருப்பது தொடை, வயிறு, கழுத்து, முகம். யோசிக்க நேரம் கிடையாது.

தீர்வு சிக்கலானது அல்ல. அறுக்கும் கோட்டுக்கு அருகிலேயே தாங்குகல்லை வைத்து, துண்டாகும் பக்கம் அந்தரத்தில் தொங்கும்படி விட்டால், அறுத்த வாய் திறந்துகொண்டே போகும், கவ்வாது. சின்னத் துண்டைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்காமல் வைஸில் இறுக்க வேண்டும். பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். டிஸ்க் சுற்றும் கோட்டுக்கு நேரே நிற்காமல் ஓரடி விலகி நிற்க வேண்டும். மூடியின் மூடிய பக்கம் நம்மை நோக்கியிருக்க வேண்டும். டிஸ்க் உடைந்தாலும் துண்டுகள் மூடியில் மோதி நம் எதிர்ப்பக்கம் போகும் என்பதற்காகவே அந்த அரைவட்டத் தகடு.

ஆடையும் இங்கே பேசப்பட வேண்டும். கைலி, மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் தொங்கும் துண்டு ஆகியவை நம் ஊர் வெயிலுக்கு ஏற்றவை. சுழலும் கருவிக்கு ஏற்றவை அல்ல. குறிப்பாகக் கம்பி பிரஷ் துணியின் ஓர் இழையைப் பற்றினால் மெஷினையே வயிற்றுக்கு இழுத்துவரும். கையுறை பற்றி இரண்டு கருத்து உண்டு. இறுக்கமான தோலுறை பொறியிலிருந்தும் கூர்முனையிலிருந்தும் காக்கும். தளர்ந்த பருத்தி உறை டிஸ்க்கில் சிக்கி விரலையும் இழுக்கும். கடையில் மலிவாகக் கிடைப்பது இரண்டாவது வகை. அதைவிட வெறுங்கை மேல்.

கண்

இரும்புத் துகள் கண்ணில் விழுவதைப் பட்டறையில் யாரும் விபத்தாகவே கணக்கிடுவதில்லை. பக்கத்து ஆள் பேப்பர் முனையாலோ பிளேடாலோ எடுத்துவிடுவார். வீட்டில் தாய்ப்பால் விடச் சொல்வார்கள். சூடான இரும்புத் துகள் கருவிழியில் பதிந்தால் சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துருவளையம் உண்டாகிறது. துகளை எடுத்தாலும் வளையம் தங்கும். எடுத்த காயத்தில் கிருமி புகுந்தால் கருவிழிப் புண்.

அந்தப் புண் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் 284 பேருக்கு, ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு, முன்பே கண்ணில் ஏதோ பட்டு அடிபட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைப்பவர்கள். நெல் உமி செய்வதை இரும்புத் துகளும் செய்யும். சின்னக் கீறல், கைவைத்தியம், தாமதம் என்ற வரிசை இரண்டுக்கும் ஒன்றே.

வெல்டிங்குக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. அறுக்கும் கோடு தெரியாமல் முகத்தைக் குனிய வைக்கும். பக்கவாட்டும் மூடிய தெளிந்த கண்ணாடி வேண்டும். அறுக்கும்போது அதன் மேல் முகத் தடுப்பும் வேண்டும். துகள் பதிந்தால் தண்ணீரால் கழுவிவிட்டு, தேய்க்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இடுக்கிப் பக்கத்தாருக்குத் தேனியிலும், பாலக்காட்டாருக்குக் கோயம்புத்தூரிலும் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது.

மூச்சு

கிரானைட், டைல்ஸ், சிமெண்ட் அறுக்கும்போது எழும் வெண்புகையில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கில் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாக மாறும். சிலிக்கோசிஸ் என்னும் அந்த நோய் வந்தபின் குணமாவதில்லை. 90 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா உள்ள செயற்கைக் கல் பலகைகளை அறுத்த இளம் தொழிலாளர்கள் நோயுற்றதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

தூசியை அடக்கத் தண்ணீர்தான் வழி. மூடியில் ஓட்டையிட்ட பாட்டிலால் ஒரு பையன் நீர் பீய்ச்ச, இன்னொருவர் அறுப்பது நம் ஊர் வழக்கம். நோக்கம் சரி, முறை ஆபத்து. சாதாரண ஏஜி ஃபோர் தண்ணீருக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் காற்றுத் துளை வழியே நீர் உள்ளே போகும். நீர்க்குழாய் பொருத்தும் வசதியுள்ள மார்பிள் கட்டரை, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் இணைப்பில் மட்டும் பயன்படுத்துங்கள். மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்95 முகமூடி தடுக்கும்.

மின்சாரமும் தீயும்

மெஷினின் பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டைக் காப்பு என்று பொருள். அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் ஒயரின் தோல் உரிந்து ஈரக் கூரையில் கிடந்தால் அந்தச் சதுரம் காப்பாற்றாது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் ஒயரைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. மழைக்காலத்தில் அது கொலைக்குச் சமம்.

கோடையில் ஆபத்து வேறு. பாலக்காட்டுக் கணவாய் காற்றுக்குப் பேர்போனது. கீழ்க்காற்று வீசும் மாதங்களில் அறுவடை முடிந்து வைக்கோற்போரும் காய்ந்த பனையோலையும் இருக்கும் களத்துக்குப் பக்கத்தில் பொறி பறக்கிறது. மறையூர், சின்னாறு மழைமறைவுப் பகுதி. மார்ச்சில் புல் காகிதம்போல் இருக்கும். 2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தீக்கும் இந்த மெஷினுக்கும் தொடர்பு இல்லை. இந்த மலைகளின் மார்ச் மாதப் புல் மனிதக் கால்களைவிட வேகமாக எரியும் என்பதை அந்த நாள் காட்டியது. பொறி விழக்கூடிய 35 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இல்லாமல் விலக்குவது, வாளியில் மண்ணும் நீரும் வைப்பது, வேலை முடிந்தும் அரை மணி நேரமாவது காவல் இருப்பது ஆகிய மூன்றையும் கோடையில் தவற விடக் கூடாது. டீசல், பெட்ரோல், பெயிண்ட் இருந்த டிரம்மை எவ்வளவு காலியாகத் தோன்றினாலும் அறுக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

விரல் போனால்

தொழிலாளர் இழப்பீட்டுக்காக 1923-இல் வந்த சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் முழுதும் போனால் உழைப்புத் திறனில் இழப்பு 30 விழுக்காடு; ஆள்காட்டி விரல் 14; நடுவிரல் 12; மோதிர விரலோ சுண்டுவிரலோ 7; மறுகண் நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40. நூறாண்டுக்கு முன்பே சட்டம் விரல் விரலாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அரைக்கும் சக்கரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பாதுகாப்பான வேகத்தை எழுதி ஒட்ட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. 2020-இல் இயற்றிய சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. இரண்டு அண்ணன் தம்பியும் ஒரு ஹெல்பரும் நடத்தும் சாலையோரப் பட்டறைக்குள் எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் இருப்பவர் பட்டறைக்காரர்தான்.

துண்டான விரலை மீண்டும் பொருத்த முடியும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு இதில் உலகப் பெயர் பெற்றது. ஆனால் விரல் சரியாக வந்து சேர வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் போடாதீர்கள். துண்டான பகுதியை நனைத்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் தசையில் படக் கூடாது. 108-ஐ அழைத்து, போகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். கஞ்சிக்கோட்டிலிருந்து கோவை பக்கம். மூணாறிலிருந்து மலையிறங்கிப் போக மணிக்கணக்கு ஆகும். கை, முன்கை போலத் தசை நிறைந்த பகுதிக்கு, குளிரில் வைக்காவிட்டால், 6 மணி நேரமே கெடு.

யார் பொறுப்பு?

அசட்டை என்று முதலாளிகள் சொல்கிறார்கள். மட்டமான மெஷின் என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள். விலை குறைத்துக் கேட்கிறார்கள் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்போது நேரம்தான் காசு என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நான்கிலும் உண்மை உண்டு. ஆனாலும் நான்கையும் பின்னோக்கித் தொடர்ந்தால் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. வேலை ஒன்று, வாங்கிய மெஷின் வேறு. ஆழம் போதாமல் மூடி கழன்றது. ஒரே மெஷின் மரத்துக்கும் கல்லுக்கும் இரும்புக்கும் ஓடியது. மூடி கிடைக்காத பிராண்டு வாங்கப்பட்டது. கண்ணாடிக்குக் கொடுக்க வேண்டிய சில நூறு ரூபாய் பில்லில் சேரவே இல்லை. அசட்டை பிறகு வந்தது. அதற்கு இடம் முன்பே தயாராகிவிட்டது.

ஆகவே என் முடிவு இது. மலிவான மெஷின் வாங்குவது குற்றம் அல்ல. வேலைக்குச் சிறிய மெஷின் வாங்குவதும், மூடியும் கண்ணாடியும் முகமூடியும் இல்லாத பில்லோடு கடையை விட்டு இறங்குவதும்தான் குற்றம். கடைக்காரர்களே, மெஷினை எடுத்து வைக்கும்போது ‘என்ன வேலைக்கு அண்ணா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்; கண்ணாடியை மேசை மேல் வையுங்கள். பட்டறைக்காரர்களே, புதிதாக வந்த பையன் கையில் மெஷினைக் கொடுக்கும் முன் டிஸ்க் மாற்றவும், தேதி பார்க்கவும், எங்கே நிற்க வேண்டும் என்றும் ஒரு முழு நாள் கற்றுக்கொடுங்கள். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவரானால் டப்பாவில் இருக்கும் படங்களைக் காட்டிச் சொல்லுங்கள். வீடு கட்டுபவர்களே, உங்கள் மாடியில் ஷீட் போட வருபவரின் மெஷினில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கு வேலையை நிறுத்தி, மூடி வாங்கப் பணம் கொடுங்கள். உங்கள் கூரை ஒரு நாள் தாமதமாகும். அவர் மாலையில் பத்து விரலோடு வீடு திரும்புவார்.